சேரன்மாதேவி குருகுலம்: இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு?

ஆற்றங்கரையான் | 2 மார்ச், காலை 8.40

வட்டாரத்தில் இருந்து மறைந்துபோன பள்ளிகளின் பட்டியல் ஒன்று தொகுத்துக்கொண்டிருக்கிறோம். வ.வே.சு. ஐயரின் குருகுலத்துக்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறது. எழுதியது இது:

“சேரன்மாதேவியில் ஐயர் தொடங்கிய உண்டு உறைவிடப் பள்ளி. இரண்டு பிராமண மாணவர் தனியே உண்ட தகராறில் பெரியார் காங்கிரஸை விட்டு விலகி, பணத்தை நிறுத்த, 1925-இல் மூடப்பட்டது.”

தப்பு இருந்தால் சொல்லுங்கள். அப்படியே, இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டது எப்படி ஒரு மாகாணக் கட்சியையே உடைத்தது என்றும் யாராவது விளக்கினால் நல்லது.

பழந்தாள் | 2 மார்ச், காலை 11.05

இரண்டு வரியில் நான்கு தப்பு.

ஒன்று, இடம். தொடங்கியது கல்லிடைக்குறிச்சியில், 1922 கடைசியில். சேரன்மாதேவிக்குப் பிறகுதான் வந்தது. பெயர் இரண்டு: தமிழ்க் குருகுலம், பாரத்வாஜ ஆசிரமம். பழைய தாள்களில் இரண்டில் எது வந்தாலும் இதுதான்.

இரண்டு, பணம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி ஒப்புக்கொண்டது 10,000 ரூபாய். அதில் 5,000 முதலிலேயே கொடுத்தாயிற்று. தகராறு மீதி 5,000 பற்றியது. “பணத்தை நிறுத்த” என்று எழுதினால் ஒன்றுமே கொடுக்காத மாதிரி ஆகிவிடும்.

மூன்று, பெரியார் விலகியது குருகுலத்துக்காக அல்ல. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை (பதவிகளில் சாதிவாரிப் பங்கு கேட்பது) மாநாட்டுத் தலைவர் திரு.வி.க. அனுமதிக்காததால் வெளியேறினார். குருகுலம் அதற்கு வழி வெட்டியது, அவ்வளவுதான்.

நான்கு, மூடியது. ஐயர் போனதும் பள்ளி பூட்டப்படவில்லை. டி. ஆர். மகாதேவ ஐயர் பொறுப்பேற்று நடத்தினார்.

வீரவநல்லூரான் | 2 மார்ச், பகல் 1.20

அண்ணாச்சி, ஐந்தாவது ஒன்று விட்டுட்டீங்க. “மறைந்துபோன பள்ளி”ன்னு போட்டிருக்காரு. நூறு வருசமா தினம் ஒருத்தர் அதைப் பத்திச் சண்டை போடுதாங்க, எங்கே மறைஞ்சுது?

ஊர் விசயம் ஒன்று. திருநெல்வேலியில் ஏறினால் சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒரே தடத்தில் வரும். 1904-க்குள் இந்தப் பாதை செங்கோட்டை தாண்டிக் கொல்லம் வரை போய்விட்டது. அதனால் இடம் மாறியதை “ஊரை விட்டு ஓடியது” என்று யாரும் எழுத வேண்டாம். அதே ரயில், அதே தாமிரபரணி, கொஞ்சம் கிழக்கே.

பழந்தாள் | 2 மார்ச், இரவு 9.50

பள்ளி என்னவாக இருந்தது என்று தெரியாமல் பந்தித் தகராறு புரியாது. அதனால் இது.

ஐயர் 1881-இல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போய், இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸ் வட்டாரத்தில் சேர்ந்து, 1910-இல் தப்பிப் புதுச்சேரி வந்து பத்து வருடம் இருந்தவர். 1920-இல் திரும்பினார். திரு.வி.க. விட்டுப்போன ‘தேசபக்தன்’ ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கட்டுரைக்காக ஒன்பது மாதம் சிறை. பெல்லாரியில் இருந்தபோதுதான் கம்பராமாயண ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார். வெளியே வந்த கையோடு குருகுலம்.

காலத்தைக் கவனிக்க. ஒத்துழையாமை இயக்கம் சர்க்கார் பள்ளிகளைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். புறக்கணித்த பிள்ளை எங்கே போகும்? அதற்குத்தான் தேசியப் பள்ளிகள். தமிழ் வழிப் பாடம், இலக்கியம், விஞ்ஞானம், கூடவே உடற்பயிற்சி, கைத்தொழில், விவசாயம். பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். இதில் கடைசிச் சொல்தான் வினை. பகல் பள்ளியாக இருந்திருந்தால் இந்த இழையே இல்லை. பகல் பள்ளியில் சாதி பெஞ்சில் உட்காரும், மணியடித்தால் வீட்டுக்குப் போய்விடும். தங்கும் பள்ளியில் அது மூன்று வேளையும் இலை போட்டு உட்காரும்.

ஆற்றங்கரையான் | 3 மார்ச், காலை 7.15

திருத்திக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஐயர் தரப்பு சொன்னது: இரண்டு பையன்களின் பெற்றோருக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன், மற்ற எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று. இது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். இரண்டு இலைதானே?

பந்திக்கட்டு | 3 மார்ச், மாலை 4.30

இரண்டு இலை இல்லை. விடுதிச் சமையல் கட்டு தெரிந்தவர்களுக்கு இது கணக்கு. பழைய ஆசார முறையில் ஒரு பையனைத் தனியாக உண்ணவைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலில் சமைப்பவர். அந்தப் பையன் வேறு சாதியார் சமைத்ததை உண்ணமாட்டான். ஆக ஒன்று, இரண்டு அடுப்பு, இரண்டு சமையல்காரர். அல்லது ஒரே அடுப்பு, அதில் பிராமணச் சமையல்காரர். செலவு பார்க்கிற எந்த விடுதியும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். அந்த நொடியே அந்த இரண்டு பேருக்கான விதி முழுச் சமையல் கட்டுக்கும் விதியாகிவிடுகிறது. யார் கட்டுக்குள் வரலாம், யார் படியில் நிற்கவேண்டும், காய் நறுக்கலாமா, மாவு ஆட்டலாமா, எல்லாம் அதில் அடங்கிவிடும்.

அடுத்து தண்ணீர். சமைத்த சோறு மாதிரியே மொண்டு வைத்த தண்ணீருக்கும் தீட்டு உண்டு. ஒரு பானையில் எல்லாரும் மொண்டால் அது அந்தப் பையன்களுக்கு ஆகாது. ஆக, தனிப் பானை. தனிப் பானை என்றால் அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். சின்னப் பையன்கள் விளையாடிவிட்டு ஓடி வந்து கையில் அகப்பட்ட செம்பில் குடிப்பார்கள். பானைதான் முதலில் மாட்டும், எப்போதும்.

பிறகு நேரமும் பார்வையும். தனி அறை இருந்தால் ஒரே நேரத்தில் பரிமாறலாம். அறை இல்லையென்றால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி. முதல் பந்தி யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. பரிமாறுகிறவர் இங்கே பரிமாறிவிட்டு அங்கே போகலாம். அங்கே பரிமாறிய கரண்டியோடு இங்கே வரமுடியாது. அதனால் கறி, நெய், அப்பளம் எல்லாம் ஒரு திசையில்தான் போகும். கடைசியில் குறைவது எந்தப் பக்கம்?

அப்புறம் எச்சில் இலை. யார் எடுப்பது, யார் இடத்தை மெழுகுவது.

பாத்திரம், பானை, அறை, சமையல்காரர், நேரம், இலை. இரண்டு பேருக்காக இத்தனையும் மாறவேண்டும். மீதிப் பிள்ளைகள் தினம் மூன்று தடவை பார்க்கிறார்கள். எழுத்து மறந்துபோனாலும் இந்தப் பாடம் மறக்காது.

பழந்தாள் | 3 மார்ச், இரவு 10.30

இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மேலே சொன்னது அக்காலப் பொது முறை. குருகுலத்தில் அத்தனையும் அச்சாக அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐயர் தரப்பு ஒன்று சொல்கிறது, எதிர்த் தரப்பு ஒன்று சொல்கிறது.

எதிர்த் தரப்புச் செய்தி வெளியே வந்த வழி பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது: ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான், அவன் சொல்லித்தான் தெரிந்தது. ஆமாம், அதே ஓமந்தூரார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமர். ஆலய நுழைவுச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். பையன் கதையில் வருவது என்ன? தண்ணீர்ப் பானை.

“அவர்களுக்கு உப்புமா, இவர்களுக்குப் பழைய சோறு” என்பது பெரியார் சொன்ன வடிவம். இதை எடுத்துப் போடுகிறவர்கள் பெரியார் சொன்னார் என்று போடுங்கள். மொட்டையாகப் போட்டால் மறுநாளே ஒருவர் வந்து “ஆதாரம்?” என்பார், அப்புறம் நூறு பதிவு உப்புமாவிலேயே போகும்.

வீரவநல்லூரான் | 3 மார்ச், இரவு 11.02

போன முறை போச்சு. நாற்பத்திரண்டு பதிவு. கடைசியில ரவையா சேமியாவான்னு வந்து நின்னுது.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், காலை 9.00

அந்த 5,000 எவ்வளவு பெரிய தொகை என்று யாருக்கும் உறைக்கவில்லை போல.

1927-இல் சட்டப்படி நிலைத்த மாற்று விகிதம்: ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதன்படி ஒரு பவுன் 13 ரூபாய் 5 அணா 4 பை. 5,000 ரூபாய் என்றால் 375 பவுன். இரண்டு தவணையும் சேர்ந்தால் 750 பவுன். இன்றைய விலையில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், என் கை நடுங்குகிறது.

இன்னொரு விதமாக. ஒரு பிள்ளையின் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் சேர்த்து மாதம் 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 5,000 ரூபாயில் 20 பிள்ளைகளை 25 மாதம் வைத்துக் காப்பாற்றலாம். நிலம், கட்டிடம் வேறு. ஒரு தவணை தவறினால் தங்கும் பள்ளிக்கு என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரியும். பகல் பள்ளிக்குப் பணம் வராவிட்டால் வாத்தியார் சம்பளம் பாக்கி நிற்கும். தங்கும் பள்ளியில் அடுப்பு நிற்கும். அரிசிக் கடைக்காரர் இரண்டு மாதம் பொறுப்பார்.

பணம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. காங்கிரஸ் பணம் போக, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமும் மலேயாத் தமிழர்களிடமும் திரட்டியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர் அல்லாதார். “எங்கள் காசில் எங்கள் பிள்ளைக்கு வெளிப்பந்தியா?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது. ஐயர் சொந்தக் காசில் வீட்டுத் திண்ணையில் நடத்தியிருந்தால் கமிட்டியில் பேச்சே எழுந்திருக்காது.

பழந்தாள் | 4 மார்ச், பகல் 12.40

சரி. இரண்டாவது 5,000 பற்றிப் பெரியார் சொன்ன கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது கமிட்டிச் செயலாளர் அவர். தனிப்பந்தியை நிறுத்தாமல் மீதிப் பணம் தரமாட்டேன் என்றார். தமக்குத் தெரியாமல் இணைச் செயலாளர் ஒருவரிடம் ஐயர் காசோலை வாங்கிப்போய்விட்டார் என்கிறார். அதாவது “பணத்தை நிறுத்த, மூடப்பட்டது” என்ற வரி பெரியாரின் சொந்தக் கணக்கோடும் ஒத்துவரவில்லை. நிறுத்தினார், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது.

தலைமை தாங்கிப் போராடியவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. அப்போது கமிட்டித் தலைவர். ஊர் ஊராகப் பேசினார், தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுதினார். இப்போது எல்லாரும் பெரியார் என்றே எழுதுகிறார்கள். 1925-இன் முதல் நான்கு மாதத்தில் இந்தச் சண்டையின் முகம் நாயுடுதான். ஏன் மறந்தோம்? காஞ்சிபுரத்தில் அவர் பெரியாரோடு வெளியேறவில்லை. பின்னாளில் இந்து மகாசபைப் பக்கம் போனார். எந்தத் தரப்புக்கும் அவரைத் தூக்கிப் பிடிக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

ஆற்றங்கரையான் | 4 மார்ச், மாலை 6.10

காந்தி தலையிட்டாரே, என்ன முடிவு சொன்னார்?

பழந்தாள் | 4 மார்ச், இரவு 9.15

1925 மார்ச்சில் தெற்கே வந்தார், வைக்கத்துக்காக (கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கலாம் என்ற போராட்டம்). இந்தப் பஞ்சாயத்தும் அவரிடம் போனது. சொன்ன வழி: அந்த இரண்டு பையன்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் அந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்கக்கூடாது.

நாயுடு தரப்பு ஏற்கவில்லை. ஏன் என்பதற்குப் பந்திக்கட்டு எழுதியதைத் திரும்பப் படிக்கலாம். இரண்டு பையன்கள் படித்து முடிக்கிறவரை பானை இரண்டுதான்.

அதே மார்ச் 10-ஆம் தேதி வைக்கத்தில் என்ன நடந்தது பாருங்கள். இண்டந்துருத்தி மனையில் நம்பூதிரியோடு பேச்சுவார்த்தை. காந்தியை வீட்டுக்குள் விடவில்லை, வெளியே பந்தலில் உட்காரவைத்துப் பேசினார்கள். சமரசம் செய்யவந்தவருக்கே தனி இடம்.

ஏப்ரல் கடைசியில் திருச்சியில் கமிட்டி கூடியது. எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம்: பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவதைத் தேசிய இயக்கத்தில் உள்ள நிறுவனங்கள் கைவிடவேண்டும். நிறைவேறியது. ராஜாஜி, டி.எஸ்.எஸ். ராஜன், கே. சந்தானம் முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். தீர்மானத்தில் பந்தி என்ற சொல் இல்லாமலே பந்திக்குப் பதில் சொல்லியாயிற்று.

வீரவநல்லூரான் | 5 மார்ச், காலை 7.45

எனக்கு இதில் ஆறாத இடம் வேற. ஐயர் கம்பனில் ஊறினவர். குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நிற்கும்போது ராமன் என்ன சொல்லுதான்? அன்போடு கொண்டுவந்தது அமுதத்தை விட மேல், பவித்திரம், நாங்களும் சாப்பிட்ட மாதிரிதான்னு சொல்லுதான். இதை ஐயரை விட நல்லா யார் விளக்கிட முடியும்?

அப்புறம் ஆசிரமத்துக்குப் பேர் பாரத்வாஜர். ராமாயணத்துல பாரத்வாஜர் ஆசிரமம் எதுக்குப் பேர் போனது? பரதன் படை மொத்தத்துக்கும் விருந்து வைச்சதுக்கு. படைக்கே விருந்து வைச்ச முனிவர் பேர்ல பள்ளிக்கூடம், அங்க ரெண்டு பையனுக்கு இலை போட இடஞ்சல்.

பந்திக்கட்டு | 5 மார்ச், காலை 10.20

வீரவநல்லூராரே, நீங்கள் சொன்ன பாட்டிலும் ராமன் “உண்ட மாதிரி” என்கிறானே ஒழிய உண்ணவில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் “வாயால் பந்தி வைப்பது”.

வீரவநல்லூரான் | 5 மார்ச், காலை 10.24

சரிதான்வே. தோத்தேன்.

பழந்தாள் | 5 மார்ச், இரவு 8.30

சிரித்து முடித்தாயிற்றா? ஆதாரம் தேடப்போகிறவர்களுக்கு. வழக்கமாக விழும் குழிகள்:

பெரியாரின் குடி அரசு பத்திரிகை. முதல் இதழ் 1925 மே 2. குருகுலச் சண்டையின் உச்சம் அதற்கு முந்தியது. ஆக, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்ததற்குக் குடி அரசை மேற்கோள் காட்டினால் அது பின்னோக்கி எழுதியது. தப்பென்று சொல்லவில்லை. அன்றைக்கு அன்று எழுதியது வேண்டுமென்றால் ‘தமிழ்நாடு’, ‘நவசக்தி’, ‘சுதேசமித்திரன்’, ‘தி இந்து’ என்றுதான் போகவேண்டும். திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் 1944-இல் வந்தது. நேரில் இருந்தவர் எழுதியது, ஆனால் 19 வருடம் கழித்து.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சர்க்கார் தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள் உண்டு. வாராவாரம் தமிழ்ப் பத்திரிகைகளில் இருந்து எடுத்து ஆங்கிலத்தில் சுருக்கியவை. மூல இதழ் கிடைக்காதபோது உயிர் காக்கும். இரண்டு எச்சரிக்கை. அறிக்கைத் தேதியும் இதழ்த் தேதியும் வேறு, குறிப்பு எடுக்கும்போது இரண்டையும் எழுதிக்கொள்ளவேண்டும். சர்க்காருக்கு எது உறுத்தியதோ அதை மட்டும்தான் எடுப்பார்கள், கட்டுரை முழுதாக இருக்காது.

போலீஸ் பார்வையும் உண்டு. 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட நாள் முதலே ஐயர் பெயர் அவர்கள் புத்தகத்தில் இருந்தது. அதே நெல்லைச் சீமையில் அவர் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினால் சும்மா விடுவார்களா?

தேடு சொல் மிக முக்கியம். ஆங்கிலப் பட்டியல்களில் சேரன்மாதேவி என்று தேடினால் பாதி வராது. வெள்ளைக்காரன் வாயில் அது ஷேர்மாதேவி, ஷெர்மாதேவி. தமிழில் சேரன்மகாதேவி, சேர்மாதேவி. சிலர் கல்லிடைக்குறிச்சி குருகுலம் என்றே கடைசிவரை எழுதினார்கள். ஐந்தையும் போட்டுப் பாருங்கள்.

பழந்தாள் | 5 மார்ச், இரவு 8.55

தமிழ் வருடத்தை விட்டுவிட்டேன். 1922 டிசம்பர் துந்துபி. 1924 ஏப்ரல் நடுவில் தொடங்குவது ரக்தாட்சி, 1925 ஏப்ரல் நடுவில் குரோதன. காந்தி வைக்கம் வந்தது ரக்தாட்சி மாசி, திருச்சிக் கமிட்டி குரோதன சித்திரை. ஆங்கிலக் கணக்கில் ஒரே வருடம், நம் கணக்கில் இரண்டு. “குரோதன வருடத்தில் காந்தி வந்தபோது” என்று எழுதிய கட்டுரைகள் இப்படித்தான் சறுக்கின.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், காலை 8.10

நெல்லைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணிக்கு ஆவணி. 1922 டிசம்பர் 1098, 1925 ஜூன் 1100. சரிபார்க்க எளிய வழி: மலையாளத்தில் “தொண்ணூற்றொன்பது வெள்ளம்” என்பார்களே, அது 1924 ஜூலை, கொல்லம் 1099. அதை ஆணியாக அடித்துவிட்டு முன்னே பின்னே எண்ணிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரையான் நிலம் எங்கே இருந்தது என்று தேடப்போவதாகத் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். பொதுவிலேயே சொல்கிறேன்.

இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டால் 1975-க்கு முன் பெரும்பாலும் வராது. அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட விண்ணப்பிக்க வேண்டும். 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் இருக்கும், பணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். நான்காம் புத்தகம் அப்படியில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். அட்டவணையும் இரண்டு: ஒன்று ஆள் பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. சர்வே எண் தெரியாத நிலையில் பெயர்வாரி அட்டவணையில்தான் தொடங்கவேண்டும். இங்கே மாட்டிக்கொள்வார்கள். “குருகுலம்” என்ற பெயரில் பத்திரம் இருக்கும் என்று தேடுவார்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவாகாத நிறுவனம் நிலம் வாங்கினால் தனிமனிதர் பெயரில்தான் வாங்கியிருக்கும். ஐயர் பெயர், கூட இருந்தவர்கள் பெயர், கொடையாளர் பெயர் என்று தேடவேண்டும். வ.வே.சு. என்று இருக்காது, தகப்பனார் பெயரோடு சுப்பிரமணிய ஐயர் என்று இருக்கும். அந்தப் பெயரில் அந்தக் காலத்து நெல்லையில் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

சர்வே எண் கிடைத்துவிட்டால் அ பதிவேடு (ஊர் நிலப் பதிவேடு), புலப்படம் (வயல் அளவைப் படம்) இரண்டையும் வைத்து இன்றைய எண்ணுக்கு வரவேண்டும். நடுவில் மறுநில அளவை நடந்து எண் மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் ஒப்பீடு இல்லாமல் போய் நின்று போட்டோ எடுத்து “இதுதான் குருகுலம்” என்று போடுவது வேண்டாம்.

ஆற்றங்கரையான் | 6 மார்ச், பகல் 2.00

மாணவர் சேர்க்கைப் பதிவேடு?

பழந்தாள் | 6 மார்ச், பகல் 3.35

கல்வித்துறையில் தேடிப் பயனில்லை. அங்கீகாரம் வாங்கிய பள்ளிதான் இன்ஸ்பெக்டருக்குப் பதிவேடு காட்டவேண்டும், மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை வைக்கவேண்டும், எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிள்ளை அனுப்பவேண்டும். சர்க்காரைப் புறக்கணிக்கப் பிறந்த தேசியப் பள்ளி இதில் எதையும் செய்யாது. படித்த பிள்ளைக்கு வெளியே செல்லுபடியாகும் காகிதமும் இருக்காது. நாடு முழுக்கத் தேசியப் பள்ளிகள் உதிர்ந்ததற்குப் பெரிய காரணம் இதுதான், பந்தி அல்ல. பெற்றோர் இரண்டு வருடம் தேசபக்தியில் பொறுப்பார்கள், மூன்றாம் வருடம் எஸ்.எஸ்.எல்.சி. கேட்பார்கள்.

பெயர்கள் வேண்டுமென்றால் ஐயர் நடத்திய ‘பாலபாரதி’ இதழ்கள், அன்றைய பத்திரிகைகளின் நன்கொடைப் பட்டியல்கள், பின்னாள் தன்வரலாறுகள். அவ்வளவே.

பழந்தாள் | 6 மார்ச், மாலை 5.10

மேலே “பந்தி அல்ல” என்று வீராப்பாக எழுதிவிட்டேன். பொதுவாகத் தேசியப் பள்ளிகளுக்கு அது சரி. இந்தப் பள்ளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. இங்கே நன்கொடையாளர் நம்பிக்கை ஒரே வருடத்தில் போயிற்று, நிறுவியவரும் போனார். மூன்றும் சேர்ந்தது என்று திருத்திப் படிக்கவும்.

பந்திக்கட்டு | 7 மார்ச், காலை 6.50

பானை 1925-உடன் உடையவில்லை. 1943-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மறுபடியும் தனித்தனித் தண்ணீர்ப் பானைதான், அதில் கிளம்பியதுதான் திராவிட மாணவர் கழகம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர், மற்றவர் என்று இருந்த பிரிவு 1941-இல் எடுக்கப்பட்டது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப்பலகையில் இருந்த “பிராமணாள்” என்ற சொல்லை எதிர்த்துக் கிளர்ச்சி. வரிசையைப் பார்த்தால் பள்ளிப் பந்தி, ரயில் பந்தி, கல்லூரிப் பானை, ஓட்டல் பலகை. சேரன்மாதேவியில் பொதுப்பணம் வாங்கிய சமையல் கட்டுக்குக் கேட்ட கேள்வியை மற்ற கட்டுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வீரவநல்லூரான் | 7 மார்ச், இரவு 9.40

ஐயர் சாவைப் பத்தி யாரும் எழுதல. சில பேரு “குற்றாலத்தில்”னு போடுதாங்க. குற்றாலம் இல்ல, பாபநாசம். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். 1925 ஜூன் 3. மகள் சுபத்திரை தண்ணியில விழுந்துட்டா, காப்பாத்தக் குதிச்சார், ரெண்டு பேருமே போயிட்டாங்க.

ஜூன் முதல் வாரம்னா தென்மேற்கு மழை மலையில விழ ஆரம்பிக்குற நேரம். கீழே வெயிலா இருக்கும், ஆறு பெருகி வரும். இப்ப மேலே பாபநாசம் அணை பிடிச்சு நிறுத்துது. அது 1940-கள்ல வந்தது. அன்னைக்கு ஆத்துக்கு முன்னால ஒண்ணும் கிடையாது. பாறையும் வழுக்கும், இன்னைக்கும் வழுக்குது.

பழந்தாள் | 7 மார்ச், இரவு 10.25

அந்தத் தேதியைக் குடி அரசு தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே 2-க்கும் ஜூன் 3-க்கும் ஒரு மாதம். பெரியார் தம் சொந்தப் பத்திரிகையில் எழுதத் தொடங்கி ஒரு மாதத்தில் எதிர்த்தரப்பு ஆள் இல்லை. ஐயர் உட்கார்ந்து தம் பக்கத்தைச் சாவகாசமாக எழுதியிருந்தால் நமக்கு இன்னொரு நீண்ட சாட்சியம் இருந்திருக்கும். வாக்குக் கொடுத்தேன் என்ற ஒற்றை வாதத்தோடு அவர் நின்றுபோனதற்கு இதுவும் காரணம்.

ஆற்றங்கரையான் | 8 மார்ச், காலை 8.00

புதுப் பதிப்பு. இரண்டு வரி ஐந்தாகிவிட்டது, திட்டட்டும்:

“தமிழ்க் குருகுலம் என்னும் பாரத்வாஜ ஆசிரமம். வ.வே.சு. ஐயர் 1922 இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய உண்டு உறைவிடத் தேசியப் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி இதற்கு 10,000 ரூபாய் வழங்கியது. இரு பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் 1925-இல் போராடினர். பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாதெனக் கமிட்டி தீர்மானித்தது. 1925 ஜூன் 3-இல் ஐயர் பாபநாசத்தில் இறந்தபின் டி. ஆர். மகாதேவ ஐயர் நடத்தினார்.”

கணக்குப்பிள்ளை | 8 மார்ச், காலை 8.20

“வழங்கியது” இல்லை, “ஒப்புக்கொண்டது”. 5,000 வழங்கியது, மீதி 5,000 தகராறு.

பழந்தாள் | 8 மார்ச், காலை 8.45

“இறந்தபின்” என்பதையும் எடுத்துவிடுங்கள். ஐயர் சாவதற்கு முன்பே பொறுப்பிலிருந்து விலகிவிட்டார், மகாதேவ ஐயர் அப்போதே வந்தாயிற்று. என் முதல் பதிவில் “ஐயர் போனதும்” என்று போட்டது உங்களை இங்கே இழுத்துவந்திருக்கிறது. பிசகு என்னுடையது.

பந்திக்கட்டு | 8 மார்ச், காலை 9.30

“இரு மாணவருக்குத் தனிப்பந்தி” சரிதான். முடிந்தால் பக்கத்தில் ஒரு சொல் சேருங்கள்: “தனிப் பானை” பற்றிய குற்றச்சாட்டும் என்று.

ஆற்றங்கரையான் | 8 மார்ச், காலை 9.41

சேர்த்தாயிற்று. ஆறு வரி.